மேல்மாடி நேரம்

“மகள், அந்தப் பொட்டிய நிப்பாட்டிப்போட்டுக் கீழ எறங்கு. உம்மா தனிய நிண்டு வேல செய்றா.”

மாடிப்படியின் அடியில் நின்று றவூப் ஸேர் சத்தம் வைத்தது இப்படித்தான். கோபமாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெளியே கிளம்பும் எந்த வாப்பாவும் சொல்லக்கூடிய சொல்தான். மேலே விசைப்பலகையின் ஓசை ஒரு கணம் நின்றது.

“ஓம் வாப்பா. பதினாலாங் கேள்வி அடிக்கிறன். ஒரு நிமிசம்.”

“ஒண்ட ஒரு நிமிசம் எனக்குத் தெரியாதா? லுஹருக்குப் பாங்கு சொன்னாலும் முடியாது.”

“அடிக்கிறதுக்கு நேரம் போகல்ல. நீங்க எழுதினத்த வாசிக்கத்தான் நேரம் போகுது. கோழி கிண்டின மாதிரி இரிக்கி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தலைக்கவசத்தை எடுத்தார். மோட்டார் சைக்கிளை உதைத்தபோது உள்ளே வானொலியில் நேரம் எட்டு மணி முப்பது நிமிடம் என்று சொன்னார்கள். சம்மாந்துறையில் ஒரு கூட்டாளியின் அச்சுக்கூடத்தில் பரீட்சைத்தாளுக்கான கடதாசி சொல்லி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

கல்முனைக்குடியில் கணிதம் படிப்பித்தவர் அவர். மகள் ஸுஹைறாவுக்குப் பதினாறு வயது. சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்து, வீட்டில் சும்மா இருக்கிற மாதம் அது. வாப்பாவின் வினாத்தாள்களைத் தட்டெழுத்தில் அடித்துக் கொடுப்பதைத் தன் உத்தியோகம் போல எடுத்துக்கொண்டிருந்தாள். கடற்கரையிலிருந்து நாலு வளவு தள்ளி வீடு. கீழே வீடும் பின்னால் குசினியும், மேலே ஒரே ஒரு அறை. கணினி அந்த மேலறையில் இருந்தது.

ஒன்பது மணியை ஒட்டிக் கடல் வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். முனவ்வறாவை, அவர் மனைவியை, இரண்டு வளவு தாண்டி ஒரு கிணற்றுக்கட்டில் உயிரோடு கண்டெடுத்தார்கள். ஸுஹைறாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மூத்தவன் ஸாஜித் அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தான்.

மேலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. நாலாம் நாள் றவூப் ஸேர் ஏறிப் பார்த்தார். கதிரை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. விசைப்பலகைக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்துத் தாள்களும் அரைக் கோப்பைத் தேத்தண்ணியும் இருந்தன. தேத்தண்ணியில் எறும்பு மொய்த்திருந்தது.

சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் அகதியாகத் தங்கியிருந்த நாட்களில், கால் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த முனவ்வறா அவரை நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வசனம் சொன்னாள்.

“நீங்க எறங்கச் சொல்லாட்டி அவ மேலதான் இருந்திருப்பா.”

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு நாளும் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது. சொல்லிச் சண்டை பிடித்தால் பதில் சொல்லலாம். ஒரே தரம் சொல்லிவிட்டு விட்ட சொல்லுக்கு எங்கே நின்று பதில் சொல்வது?

தை மாதக் கடைசியில் அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் திரும்பியது. அவர் கணினியை இயக்கி மகள் அடித்த கோப்பைத் தேடினார். ‘வாப்பா 2’ என்று பெயர் வைத்திருந்தாள். பெயருக்கு நேரே, கடைசியாகப் பதிந்த நேரம் இருந்தது. 2004 டிசம்பர் 26, காலை 8:41.

அந்த எண்ணை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தொழில் விடுமா, சரிபார்த்தார். வானொலி நேரத்தோடு ஒப்பிட்டபோது கணினி இரண்டு நிமிடம் முந்தி ஓடிற்று. ஆக, உண்மையில் 8:39. அவர் வெளிக்கிட்டது 8:30. அவர் சொல்லிவிட்டுப் போன பிறகும் ஒன்பது நிமிடம் மகள் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. வாப்பா சொன்னதற்காக எழும்புகிற பிள்ளை ஒன்பது நிமிடம் இருக்கமாட்டாள். அவர் சொல்லுக்கும் அவள் இறங்கியதற்கும் தொடர்பில்லை. இறங்க நினைத்தாள், இறங்கினாள்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு இடம் உதைத்தது. பதினாலாம் கேள்வி பாதியில் நின்றது. ‘சாகாமக் குளத்தின் நீர்மட்டம் நாளொன்றுக்கு 4 சென்ரிமீற்றர் குறைகின்றது எனின், குளத்தின் நீர் அரைவாசியாக எத்தனை’ என்பதோடு வரி முடிந்திருந்தது. அவருடைய கையெழுத்துத் தாளின்படி இன்னும் மூன்று சொல். ஸுஹைறா தொட்ட வரியை முடிக்காமல் எழும்பும் பிள்ளை அல்ல. தன் பாட்டில் இறங்கியவள் ஏன் மூன்று சொல்லை விட்டுவிட்டு இறங்கினாள்? பிள்ளைகளின் விடைத்தாளில் இப்படி ஒரு வரி விடுபட்டிருந்தால் புள்ளி குறைக்கிற மனிதர், தன்னுடைய கணக்கில் அந்த வரியை விட்டுவிட்டு அடியில் கோடு கிழித்தார்.

அந்த ஒன்பது நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் அவர் நித்திரை கொண்டார். ஒரு நாள் முனவ்வறாவை மேலே கூட்டிப்போய் அந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். அந்த நாள் வரவில்லை. கடலுக்குப் பிறகு முனவ்வறா மேலறைக்கு ஏறுவதில்லை.

2006ஆம் ஆண்டு சித்திரையில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. எல்லாரும் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். றவூப் ஸேரும் கைமணிக்கூட்டையும் சுவர் மணிக்கூட்டையும் திருப்பினார். கணினியை மட்டும் தொடவில்லை. அக்கரைப்பற்றில் கணினி விற்கும் ஒருவர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லியிருந்தார். புது நேரத்துக்கான இற்றைப்படுத்தலைப் போட்டால், பழைய கோப்புகளின் நேரமும் சேர்ந்து அரை மணி பின்னுக்குப் போகுமாம்.

அப்படியென்றால் 8:41 என்பது 8:11 ஆகும். கணம் ஒன்றுதான், எண்தான் வேறு என்பது கணித ஆசிரியருக்குத் தெரியாததல்ல. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு 8:11 என்பது எட்டரைக்கு முந்தியது. அப்போது அவர் வீட்டில் இருக்கிறார். இனித்தான் படியடியில் நின்று சத்தம் வைக்கப் போகிறார். இருக்கிற ஒரே சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

ஆகவே அந்தக் கணினிக்கு எந்த இற்றைப்படுத்தலும் இல்லை என்பது வீட்டில் சட்டமாயிற்று. கீழே ஒரு நேரம், மேலே ஒரு நேரம். அந்த வருட நோன்பில் விடுமுறைக்கு வந்திருந்த ஸாஜித், மேலே கணினியைப் பார்த்து நேரமாகிவிட்டது என்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டான். கீழே இறங்கி வந்தால் நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம்.

“அல்லாஹ் மேல்மாடிக்கெண்டு தனி நேரமா வச்சிரிக்கான்?” என்றாள் முனவ்வறா. “அந்த நோன்பத் திருப்பிப் புடி. ஒங்கட வாப்பாவையும் சேத்துப் புடிக்கச் சொல்லு. அவர்தானே அந்த மணிக்கூட்டுக்கு முதலாளி.”

ஏன் திருத்தவில்லை என்று யாரும் கேட்டால், நேரமில்லை என்றார் றவூப் ஸேர். நேரமில்லாத மனிதரிடம் இரண்டு நேரம் இருந்தது.

2009ஆம் ஆண்டு ஸாஜித் டோகாவில் வேலையில் இருந்தான். வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். உம்மா முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்றான். அதற்கு உம்மா மேலறைக்கு ஏற வேண்டும். நாலரை வருடத்துக்குப் பிறகு முனவ்வறா ஏறினாள். முதல் நாள் வாசலில் நின்று கதைத்தாள். இரண்டாம் நாள் கதிரையில் இருந்தாள். ஒரு மாதத்தில் கணினியைத் தானே இயக்கவும் பழகிக்கொண்டாள். மகள் இருந்த கதிரை என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

வைகாசியில், யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த கிழமை, கணினித் திரையில் ஸாஜித்தின் முகம் தெரியவில்லை. அவன் கைத்தொலைபேசியில் எடுத்தான்.

“உம்மா, அந்த மெஷின் பழசாப் போயிட்டு. அதான் எடுக்குதில்ல. ஒரு பொட்டி வரும், ஓம் எண்டு அமத்துங்க. என்ன கேட்டாலும் ஓம் எண்டு அமத்துங்க.”

“வாப்பா ஏசுவாரு.”

“வாப்பாக்குச் சொல்லாதீங்க. எல்லாம் முடிஞ்ச பொறகு நான் சொல்றன்.”

அன்று பின்னேரம் றவூப் ஸேர் பள்ளிவாசலில் இருந்தார். முனவ்வறா கேட்டதற்கெல்லாம் ஓம் என்று அமத்தினாள். கணினி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தன்பாட்டில் வேலை செய்தது. திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நீண்டது. அது முக்கால்வாசி நீண்டிருந்தபோது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு சொல்லும்போது வீட்டில் எந்தப் பொட்டியும் ஓடக்கூடாது. வானொலியோ தொலைக்காட்சியோ, முதல் ‘அல்லாஹு அக்பர்’ கேட்டதும் கை தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஆழிக்குப் போகும். அது அந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. முனவ்வறா சுவரில் ஆழியை அமத்திவிட்டு தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்ய இறங்கினாள்.

தொழுதுவிட்டு மறுபடி ஏறி இயக்கினாள். கணினி தொடங்கும் சின்னம் வந்தது. பிறகு கண்மூடித் திறப்பதற்குள் நீலமாக ஏதோ மின்னி மறைந்தது. மறுபடி சின்னம். மறுபடி நீலம். இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

றவூப் ஸேர் வந்து கண்டார்.

“என்ன செஞ்ச?”

“ஸாஜித் சொன்னான்...”

“என்ன செஞ்ச எண்டு கேட்டன்.”

“ஓம் ஓம் எண்டு அமத்தினன். ஓடிட்டிருந்திச்சு. மறுகா பாங்கு சொன்னாங்க, நிப்பாட்டினன்.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அவள் அவர் ஏசப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவர் ஏசவில்லை. திரை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் அவளை ஏச்சைவிடப் பயங்காட்டியது.

“அதுக்குள்ள அவட தாள் இரிக்கி,” என்றார்.

முனவ்வறாவுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, மனிதர் வருடத்துக்கு ஒரு தரம், டிசம்பரில், அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார் என்பது மட்டும்தான்.

மறுநாள் காலை இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார்கள். “ஒடச்சவ நான், நானும் வாறன்,” என்று முனவ்வறா முச்சக்கரவண்டியில் ஏறிவிட்டாள். வழக்கமாகப் பெட்டியென்றால் திறந்து காட்டச் சொல்லும் சோதனைச் சாவடியில் அன்று ஆமிக்காரர்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள்.

கேதீஸ்வரன் தன் கணினிக் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பாண்டிருப்பு ஆள். மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் கைத்தொலைபேசி. யுத்தம் நடந்த வன்னியில் இருந்த தம்பியைப் பற்றி நாலு மாதமாகத் தகவல் இல்லை. வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை யாரோ பார்த்துச் சொல்வதாக இருந்தது. இது கல்முனையில் பலருக்கும் தெரியும். யாரும் அவனிடம் கேட்பதில்லை.

“குனிஞ்சு வாங்க ஸேர். அக்கா, தலை பத்திரம்.”

பெட்டியைத் திறந்து தூசியை ஊதினான். மின்சாரம் கொடுத்துப் பார்த்தான். சின்னம், நீலம், சின்னம்.

“கடைசியா எப்ப இற்றைப்படுத்தினீங்க?”

“இல்லை.”

“இல்லையெண்டா?”

“ஒரு நாளும் இல்லை.”

“அஞ்சு வருசமா இதுக்கு ஒரு ஊசியும் போடல்லையா? பிள்ளையெண்டா மருத்துவிச்சி வீட்டுக்கு வந்திருப்பா ஸேர்.”

ஒரு விசையைத் தட்டித் தட்டிப் பாதுகாப்பு முறையில் ஏற்றிப் பார்த்தான். நீலம். கடைசியாகச் சரியாக ஓடிய நிலைக்குப் போகச் சொன்னான். நீலம். தானாக மறுபடி இயங்குவதை நிறுத்தி வைத்தபோது நீலத்திரை அசையாமல் நின்றது. அதிலிருந்த இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டான். குறுந்தட்டைப் போட்டுக் கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்து, போட்ட புதியதைக் கழற்றிப் பழையதற்குத் திரும்பச் சொன்னான். பாதி கழன்றது, மற்றப் பாதி இல்லை என்றது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், கால் மணி நேரம் எடுத்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் இப்பிடி முழிச்சுப் பாத்தா, அது பயத்துல ஓடிருமா?” என்றாள் முனவ்வறா.

கேதீஸ்வரன் சிரித்தான். பிறகு கதிரையைத் திருப்பினான்.

“இது என்னெண்டா ஸேர், வீட்டுக் கூரையப் பிரிச்சுப் பாதிக்குப் புது ஓடு போட்டுட்டிருக்கக்குள்ள மேசன் எறங்கி ஓடின மாதிரி. பழைய ஓடும் இல்ல, புது ஓடும் இல்ல. போமட் பண்ணுவம். அரை மணித்தியாலத்துல முடியும்.”

“போமட் வேணாம்.”

“எல்லாத்துக்கும் அதுதான் மருந்து ஸேர்.”

“எல்லாம் அழிஞ்சிரும்தானே?”

“என்ன கிடக்கு உள்ளுக்கு?”

“ஒரு கோப்பு,” என்றார் றவூப் ஸேர். “அத எடுத்துத் தந்தா, மறுகா நீங்க என்னவும் செய்யலாம்.”

கேதீஸ்வரன் வன்தட்டைக் கழற்றித் தன் வேலை மேசைக் கணினியில் இரண்டாவது தட்டாகக் கொழுவினான். உள்ளே கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது றவூப் ஸேர் பெயரைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்தில் இருந்த நேரத்தைத்தான் பார்த்தார்.

8:41.

“தம்பி, இந்த மெஷின்ல ஓடுறது புது நேரம்தானே?”

“ஓம். மூண்டு வருசமாப் புது நேரம்.”

“அப்ப இது ஏன் அரை மணி பின்னுக்குப் போகல்ல?”

கேதீஸ்வரன் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். “உங்கட தட்டு பழைய முறையில அமைச்சது ஸேர். அது சுவர் மணிக்கூட்டப் பாத்து எழுதிப்போட்டு விட்டிரும். பிறகு கணக்குப் பாக்கிறல்ல. புது முறையெண்டாத்தான் மாறும்.”

மூன்று வருடம் இரண்டு நேரத்தோடு குடித்தனம் செய்தது வீண். றவூப் ஸேருக்கு அதைப் பற்றி நினைக்க நேரம் கிடைக்கவில்லை. கேதீஸ்வரன் கோப்பைத் திறந்துவிட்டான். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் சிதறிக் கிடந்தன. ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

“அடிபட்டுப் போச்சு ஸேர்,” என்றான். “பாருங்க, எல்லாம் குழம்பியிட்டு.”

முனவ்வறா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவள்தானே ஆழியை அமத்தியவள். றவூப் ஸேர் திரைக்குக் கிட்டப் போனார். முதலாவது வரியை விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

“இல்ல தம்பி. இது குழம்பல்ல. இதுல தமிழ் எழுத்துரு இல்ல. அவ அடிச்ச விசைதான் அப்பிடியே தெரியுது.”

கேதீஸ்வரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “போன கிழமைதான் இந்த மெஷினைப் போமட் பண்ணினன். ஒரு தமிழ் எழுத்தும் ஏத்தல்ல. நானே மறந்திட்டன்.”

மகள் பாவித்த எழுத்துரு அவனிடம் இருக்கவில்லை. பாமினி என்ற எழுத்துரு இருந்தது. விசையெல்லாம் ஒன்றுதான். அதை ஏற்றி, பக்கம் முழுவதையும் தெரிவு செய்து மாற்றினான். குப்பையாகக் கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் தமிழாயிற்று. ‘ஆண்டு 10 – கணிதம். நேரம்: இரண்டு மணித்தியாலங்கள்.’

முனவ்வறா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். ஒவ்வொரு கேள்வியாக வாய்க்குள் வாசித்தாள். கடைசிக் கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். “குளத்தின் நீர் அரைவாசியாக எத்தனை...” அடுத்த வரியைத் தேடினாள். கேதீஸ்வரன் பக்கத்தை உருட்டிக் காட்டினான். ஒன்றும் இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. கேதீஸ்வரன் அதைப் பறித்து எடுத்தான். “ஓம் அக்கா... பாத்தாச்சா?... அந்தப் பேர்லயா?... வயசு என்னவாம்?... இல்ல, அது வேற ஆள்.” பேசிக்கொண்டே, பழக்கத்தில், மற்றக் கையால் கோப்பை மூடினான். செய்த மாற்றத்தைப் பதியவா என்று கணினி கேட்டது. சுட்டி ‘ஓம்’ என்பதற்கு மேல் போய் நின்றது.

றவூப் ஸேர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது கொஞ்சம் பலமாகத்தான் இருக்க வேண்டும். கேதீஸ்வரன் தொலைபேசியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

“என்ன ஸேர்?”

“பதிஞ்சா நேரம் மாறிரும்.”

“ஓம், இண்டைய நேரம் விழும். அதால என்ன?”

றவூப் ஸேர் கையை எடுத்தார். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்குவதைப் போலவே விளக்கினார். அவர் வெளிக்கிட்டது எட்டரை. கணினி முந்தியது இரண்டு நிமிடம். பதிந்தது 8:41. கழித்தால் ஒன்பது நிமிடம். அவர் கேதீஸ்வரனைப் பார்த்துத்தான் சொன்னார். முனவ்வறா இருந்த பக்கம் திரும்பவில்லை. சந்தியில் மறுபடி வெடி கொளுத்தினார்கள். அது ஓயும்வரை காத்திருந்து மிச்சத்தைச் சொன்னார்.

“அதான் தம்பி. நான் சொல்லி அவ எறங்கல்ல. இதுல இரிக்கி.”

கேதீஸ்வரன் சுட்டியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

முனவ்வறா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான்தான் கூப்பிட்டன்.”

றவூப் ஸேர் இப்போது திரும்பினார்.

“நீங்க போன பொறகு. ரெண்டு தரம் கூப்பிட்டன். மொதல் தரம், இந்தா வாறன் எண்டா. வரல்ல. ரெண்டாந்தரம் கொஞ்சம் ஏசிப்போட்டன். அந்த நிமிசமே எழும்பிட்டு எறங்கினா.”

“என்னத்துக்குக் கூப்பிட்ட?”

“தேங்கா துருவ. ரொட்டிக்கி.” அவள் குரல் மாறவில்லை. “அந்தப் பள்ளிக்கூடத்துல ஒங்களச் சொல்லிப்போட்டன். யாரையாவது சொல்லாம இரிக்க ஏலாமக் கெடந்திச்சு. மறுகா அத மாத்திச் சொல்ல வாய் வரல்ல. நீங்களும் ஒண்டும் கேக்கல்ல.”

மூன்று சொல் மீதி இருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விடுபட்ட வரியைச் சேர்த்ததும் கணக்கு மீதியில்லாமல் பிரிந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் வைக்க ஓர் இடம் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய ஒன்பது நிமிடம் இனி முனவ்வறாவினுடையது. நாலரை வருடம் அவர் பொத்திப் பாதுகாத்தது, அவருக்குச் சாதகமாக இருந்த அதே அளவுக்கு அவளுக்குப் பாதகமாக இருந்தது. கல்முனைக் கரையில் அந்தக் காலையில் தேங்காய் துருவக் கூப்பிட்ட தாய்மார் எத்தனை பேர் என்று அவருக்கு நினைவு ஓடிற்று. கடிதம் கொடுக்க அனுப்பியவர்கள், பாண் வாங்க அனுப்பியவர்கள், ஓதப் போகாமல் படுத்திருந்த பிள்ளையை ஏசி அனுப்பியவர்கள்.

அவர் எட்டிச் சுட்டியைப் பிடித்தார். ‘ஓம்’ என்பதற்கு மேல் கொண்டுபோனார்.

“என்ன செய்றீங்க?” என்றாள் முனவ்வறா.

“பதியுறன். இண்டைய நேரம் விழட்டும்.”

“எனக்காகவா?”

அவர் விரல் சுட்டியின் மேலேயே நின்றது.

“வேணாம்,” என்றாள். அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து விரலைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். “அவ வச்சிட்டுப் போன மாதிரியே கெடக்கட்டும். ஒங்களுக்கு மட்டும் பாக்க இரிந்திச்சு. இனி நானும் பாக்கணும்.” பிறகு கேதீஸ்வரனிடம், “தம்பி, வேணாம் எண்டு அமத்துங்க,” என்றாள்.

கேதீஸ்வரன் அமத்தினான். கோப்பு மூடிக்கொண்டது. திறந்தபோது அடிபட்டது போல் தெரிந்த அந்தக் குப்பை எழுத்தோடு, மகள் பாவித்த எழுத்துருவோடு, இருந்தபடியே இருந்தது. அவன் அதை இரண்டு குறுந்தட்டுகளில் எழுதினான். ஒன்று போதாதா என்று றவூப் ஸேர் கேட்டதற்கு, “ஆளுக்கொண்டு,” என்றான். காசு எவ்வளவு என்று கேட்டபோது, மெஷின் ஓடின பிறகு பாப்பம் என்றான்.

அதன் பிறகு தட்டை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். இற்றைப்படுத்தலை முழுமையாக முடியவிட்டான். நீலக்கோடு கடைசிவரை நீண்டது. அதற்கிடையில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். முனவ்வறாவின் கை ஒரு தரம் எழும்பியது. எழும்பியதை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். கேதீஸ்வரனின் தொலைபேசி அன்று அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

அந்த வருடத்திலிருந்து மேல்மாடி நேரமும் கீழ்மாடி நேரமும் ஒன்று. ஸாஜித்தின் முகம் டோகாவிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. றவூப் ஸேர் ஓய்வு பெற்றார். கணினி இரண்டு தரம் மாறியது. கோப்பு ஒவ்வொன்றிலும் ஏற்றப்பட்டது. டிசம்பர் இருபத்தாறில் இருவரும் மேலே ஏறுவார்கள். கோப்பைத் திறப்பதில்லை. திறக்காமலே நேரம் தெரியும்.

2004 டிசம்பர் 26, காலை 8:41.